குண்டு இளைத்த கதை

உருண்டையாக இல்லாத ஒன்றை நாம் இன்னும் குண்டு என்றே அழைத்துவருகிறோம். துப்பாக்கிக் குழலிலிருந்து புறப்படும் அந்த ஈயத்துண்டு தன் உருண்டை வடிவை விட்டு ஒன்றரை நூற்றாண்டாகிறது; நீண்டு, முனை கூர்ந்து, செம்பு உறை போர்த்து, சுண்டுவிரலினும் மெலிந்த உருவில் அது இன்று பறக்கிறது. ஆனாலும் குண்டடி, குண்டுக்காயம், குண்டு துளைக்காத சட்டை என்று பழைய பருத்த பெயரையே அதன் தலையில் கட்டி வைத்திருக்கிறோம். இலங்கைச் செய்தித்தாளைப் பிரித்தாலோ அதே பொருளுக்குச் சன்னம் என்றொரு பெயர் கிடக்கிறது. குண்டு என்றால் பருத்தது. சன்னம் என்றால் மெலிந்தது. ஒரே பொருளுக்கு, ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு பெயர்கள் எப்படி வந்து ஒட்டின என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி நம்மைக் கம்பனிடம் கொண்டுபோய், அங்கிருந்து நுவரெலியா மலைக்கு ஏற்றி, கல்கத்தாவுக்கு அருகே ஓர் ஆயுதச்சாலையைச் சுற்றிக்காட்டி, மறுபடியும் மலையகத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் இறக்கிவிடும். சொல்லை நேசிக்கும் வாசகருக்கு இந்த வழி அலுக்காது என்று நம்புகிறேன்.

முதலில் உண்டை. உருள், உருண்டை, உண்டை என்று நாவிலேயே உருண்டு வரும் இச்சொல் திரட்டி உருட்டிய எதையும் குறிக்கும். களிமண்ணை உருட்டிக் காயவைத்து வில்லின் நாணில் பொருத்தி எய்தால் அந்த வில்லுக்கு உண்டைவில் என்று பெயர். குருவி விரட்டவும் சிறுவர் விளையாடவும் ஆன எளிய கருவி. ஆயினும் நம் இலக்கியத்தில் மிகப்பெரிய விளைவை உண்டாக்கிய எறிபொருள் எது என்று என்னைக் கேட்டால், வேலையும் கணையையும் ஒதுக்கிவிட்டு இந்த மண்ணுண்டையைத்தான் சொல்வேன். இராமன் சிறுவயதில் விளையாட்டாகத் தன்மேல் எய்த உண்டையைக் கூனி மறக்கவில்லை என்று மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் கம்பன் காட்டுவான். அவனுக்கு முன்பே திருமழிசையாழ்வார் அந்த உண்டையைப் பாடிவிட்டார். காய்ந்த களிமண் உருண்டை ஒன்று ஒரு முடிசூட்டு விழாவையே கலைத்துவிட்டது.

ஆங்கிலத்தாரின் புல்லட்டும் இதே குலம்தான். பிரெஞ்சில் உருண்டையைக் குறிக்கும் பூல் என்ற சொல்லின் சிறுமை வடிவத்திலிருந்து பிறந்தது அது. ஆக, அதுவும் ஓர் உண்டை. நமக்கோ உண்டை என்றால் இன்று மண்ணும் மாவும் சோறும்தான் நினைவுக்கு வருகின்றன. துப்பாக்கியோடு அதற்கிருந்த உறவு அறுந்துவிட்டது. அறுந்ததா என்று ஐயமிருந்தால், ஹட்டனில் பஸ் ஏறிப் பக்கத்து இருக்கையில் இருக்கும் சிங்கள அயலவரைக் கேட்டுப்பாருங்கள். துவக்கிலிருந்து பாய்வதை அவர் உண்டய என்பார், பன்மையில் உண்ட என்பார். தமிழிலிருந்து நேரே போனதா, பாகதத்தின் வழியே வந்து சேர்ந்ததா என்பதை அறிஞர்கள் வழக்காடட்டும். நாம் பரணில் போட்டுவிட்ட சொல்லை அடுத்த வீட்டார் கூடத்தில் வைத்துப் புழங்குகிறார்கள் என்பது எனக்கு இனிப்பாகவே இருக்கிறது.

உண்டையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது குண்டு. இந்தச் சொல்லின் குணம் விசித்திரமானது. பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம். குண்டகழி என்றால் ஆழ்ந்த அகழி, குண்டுநீர் என்றால் ஆழ்ந்த நீர். பிற்காலத்தில் அதே சொல் திரண்டு புடைத்ததற்கும் ஆகி, குண்டூசியின் தலையாகவும் குண்டுமல்லியின் மொட்டாகவும் கொழுத்த பிள்ளையின் செல்லப்பெயராகவும் வந்து நிற்கிறது. பள்ளமும் அதுவே, புடைப்பும் அதுவே. பழைய பொருள் செத்துவிட்டது என்று எண்ணவேண்டாம். எந்தத் தோட்டத்து மண் ரோட்டைப் பற்றிக் கேட்டாலும் 'குண்டும் குழியுமாக் கிடக்கு' என்றுதான் பதில் வரும், அந்தக் குண்டு சங்கத்தமிழின் குண்டு. ஒலியையும் கவனியுங்கள்: தொண்டையில் தொடங்கும் ககரம், இதழ் குவியும் உகரம், நா மேலண்ணத்தை முட்டி நிற்கும் ண்டு. சொல்லும்போதே ஏதோ ஒன்று கனமாகத் தரையில் விழுந்த உணர்வு வருகிறது.

அந்தக் கனத்துக்கு முழுத் தகுதியோடு குண்டு வாழ்ந்த காலம் ஒன்று நுவரெலியாவில் இருந்தது. காய்ச்சலில் நலிந்து உடல் தேற மலையேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், 1848இல் அங்கேயே குடியேறிப் பண்ணை வைத்து, 1855இல் நாடு திரும்பும்வரை வேட்டையே தொழிலாக இருந்தார். ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று அவர் பெயர் இன்றும் தொங்குகிறது. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லரிடம் 1840இல் அவர் சொல்லிச் செய்வித்த துவக்கின் எடை 21 இறாத்தல், குழலின் நீளம் 36 அங்குலம். அதற்கு இரண்டு வகைக் குண்டு: நடுவில் ஒரு பட்டி புடைத்த உருண்டையானால் மூன்று அவுன்ஸ், கூம்பு வடிவமானால் நான்கு அவுன்ஸ். மூன்று அவுன்ஸ் ஈயத்தை உருட்டினால் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் குறுக்களவு வரும். பெரிய நெல்லிக்காய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைத் தள்ளுவதற்கு ஒவ்வொரு முறையும் முழுதாக ஓர் அவுன்ஸ் கரிமருந்து. அக்காலத்துக் கரிமருந்தால் குண்டின் விரைவை ஓர் எல்லைக்குமேல் ஏற்ற முடியாது. விரைவு ஏறாத இடத்தில் எடையை ஏற்றினார்கள், அவ்வளவுதான் கணக்கு.

இறாத்தல் என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கிறது. அரபு மொழியின் ரத்ல் நம் வாயில் இறாத்தலாகி, பாணையும் கொழுந்தையும் ஒருசேர நிறுத்தது. கிலோ வந்த பிறகும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வயதானவர்களின் பேச்சில் அது அவ்வப்போது தலைகாட்டும். பேக்கரின் துவக்கை இறாத்தலில் சொன்னால்தான் அதன் பாரம் எனக்குத் தோளில் தெரிகிறது.

அவர் காலத்து வேட்டையர் தம் குண்டைத் தாமே வார்த்தார்கள். எந்த விலங்குக்கு எந்தக் குண்டு என்ற தெரிவு கடையில் தொடங்கவில்லை, அடுப்பில் தொடங்கியது. தூய காரீயம் மென்மையானது. யானையின் மண்டையோட்டில் பட்டால் சப்பையாகி நின்றுவிடும். ஆகையால் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து அதை இறுக்கினார்கள். தமிழின் அழகை இங்கே பார்க்கவேண்டும்: ஐரோப்பியருக்கு இரண்டு தனிப்பெயர் கொண்ட இரண்டு உலோகங்கள், நமக்குக் கருப்பும் வெள்ளையுமாகப் பிறந்த ஓர் ஈயத்தின் இரண்டு பிள்ளைகள். வேதியியலார் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் உருக்கு அடுப்பின் முன் நிற்பவனுக்கு அந்தப் பெயரே போதிய வழிகாட்டி. இலங்கை யானையின் நெற்றியில் செல்லுபடியான இந்தக் கணக்கு ஆப்பிரிக்க யானையிடம் பொய்த்துவிட்டதைப் பிற்பாடு பேக்கரே எழுதினார். அந்த யானையின் மண்டை அமைப்பு வேறு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யானைக்கு இத்தனை ஆயத்தம் செய்த அதே மனிதர் நுவரெலியாக் காட்டில் மரை வேட்டைக்குப் போகும்போது பெரும்பாலும் குண்டை நம்பவே இல்லை. வேட்டைநாய்களையும் இடுப்புக் கத்தியையும் மட்டும் நம்பினார். மூடுபனியும் புதரும் மண்டிய சரிவில் குறிபார்க்கத் தூரம் எங்கே இருக்கிறது? அந்த மரையை அவரும் அவர் கூட்டத்தாரும் எல்க் என்று அழைத்தார்கள். எல்க் வடநாட்டுப் பனிக்காட்டின் வேறொரு மான். குடியேறியவன் தன் ஊர் விலங்கின் பெயரைப் புதிய ஊர் விலங்கின்மேல் ஏற்றிவிடுவது உலகெங்கும் நடப்பது. தமிழகத்தார் கடமான் என்பதை நாம் இலங்கையில் மரை என்கிறோம். சங்கப்பாட்டில் மேயும் அந்தப் பழைய இரண்டெழுத்துப் பெயரைத் தோட்டத்து மக்களும் வன்னி மக்களும் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

பேக்கருக்கு முன் அந்த மலைநாட்டில் பெயரெடுத்தவர் மேஜர் ரொஜர்ஸ். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தியவர் என்பார்கள். அவர் 1845 ஜூன் மாதம் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார்; கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. வெடிவைத்தவரை இடி கொண்டுபோயிற்று என்று தமிழ் தானாகவே எதுகை கட்டிக்கொள்கிறது.

வெடி என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். தமிழகத்தில் துப்பாக்கியால் சுடுவார்கள். இலங்கையில் வெடி வைப்பார்கள். 'நேத்து ராத்திரி மேல்மலையில பன்னிக்கு வெடி வச்சிட்டாங்க' என்றால் யாரும் பட்டாசை நினைப்பதில்லை. சிங்களத்திலும் வெடி தியனவா என்பதே சுடுதலுக்குச் சொல். தியனவா என்றால் வைத்தல், வெடி நம்முடையது. பெயரை மட்டும் வாங்காமல் வினையையும் சேர்த்து நம் சொற்சேர்க்கையின் வார்ப்பிலேயே ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் வெடி பெஹெத் என்பது நம் வெடிமருந்து. பெஹெத் என்றால் நோய்க்குத் தரும் மருந்தேதான். நோய் தீர்ப்பதும் உயிர் தீர்ப்பதும் இரு மொழியிலும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. மற்றவை கடல் கடந்து வந்தவை: சிறு குண்டுகளுக்குச் சிங்களத்தார் வழங்கும் மூனிஸ்ஸம் போர்த்துக்கேயர் கொடுத்தது, தோட்டாவுக்கு வழங்கும் பதரொம் ஒல்லாந்தர் விட்டுச்சென்றது.

துப்பாக்கியும் துவக்கும் உடன்பிறப்புகள். துருக்கியரின் தூஃபெக், பாரசீகரின் துஃபங், வடஇந்தியரின் துபக் என்று படைகளோடு நடந்துவந்த சொல், தெலுங்கில் துபாகி ஆகி, தமிழகத்தில் பகரம் இரட்டித்துத் துப்பாக்கியாக நிலைத்தது. இலங்கையில் அதே பகரம் இரு உயிருக்கு நடுவே நெகிழ்ந்து வகரமாகித் துவக்கு என்றும், சிங்களத்தில் துவக்குவ என்றும் ஆயிற்று. துப்பு என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து துப்பாக்கியை உருவ முயல்பவர்கள் உண்டு; வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவர் மழையை அப்படி அழைத்திருப்பதைக் காட்டிச் சிரிப்பவர்களும் உண்டு. அந்தத் துப்பு உணவு, அந்த ஆக்கி உண்டாக்குவது. ஒலி ஒன்றானதால் உறவு ஒன்றாகிவிடாது. வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிக்கிற நாட்டுத்துவக்கை வன்னியில் இடியன் என்பார்கள். மருந்தை இடிப்பதாலா, இடிபோல முழங்குவதாலா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டும் அந்தப் பெயர்தான் தூய தமிழ்க் கைவண்ணம்.

இனித் தோட்டா. தோட்டத்தில் வழங்கினாலும் தோட்டத்துக்கும் இதற்கும் சொந்தமில்லை. இந்துத்தானியின் டோட்டா, சொல்லின் முதலில் டகரம் நிற்கக்கூடாது என்ற நம் வாசற்காவலில் தகரமாக மாறி உள்ளே வந்தது. முதலில் அது குண்டின் பெயரே அல்ல. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் ஒன்றாகச் சுருட்டிய தாட்குழலின் பெயர். பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். அந்தத் தாளில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் கிளம்பி வடநாட்டையே பற்றவைத்தது வரலாறு. டம்டம் என்ற ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு முறை அங்கே போகவேண்டியிருக்கிறது.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் வாச்சராக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பித்தளைக் கூட்டில் வைத்திருக்கிறார். பழைய முழுப்பித்தளைத் தோட்டாவின் வெறுங்கூடு. வாய்க்கு மரத்தக்கை, அடியில் ஊசி குத்திய சிறு பள்ளம், அதைச் சுற்றி 12 என்ற எண். விரல் பட்டுப் பட்டு எண்ணின் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இதற்குள்ளே இருந்தது ரவையா குண்டா என்று கேட்டேன். "பறவைக்குப் போடுறது ரவ, தம்பி. பன்னிக்குப் போடுறது குண்டு. இந்தக் கூட்டோட சேத்துச் சொன்னாத்தான் தோட்டா. மூணும் வேற வேற" என்றார். சன்னம் என்றால் என்ன என்றதற்கு, "அது ரேடியோ நியூஸ்ல சொல்றது" என்று முடித்துவிட்டார். பேரகராதி பல வரிகளில் பிரித்துக் காட்டுவதை அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பிரித்துவிட்டார்.

அந்த 12 என்ற எண்ணுக்குள்ளும் ஒரு குண்டு ஒளிந்திருக்கிறது. செய்தித்தாளில் '12 போர் துப்பாக்கி' என்று படிக்கும்போது பன்னிரண்டு யுத்தம் கண்டதோ என்று தோன்றும். போர் இங்கே குழலின் துளை. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எந்தத் துளைக்குள் சரியாக இறங்குமோ அது பன்னிரண்டாம் போர். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும் தலைகீழ்க் கணக்கின் காரணம் இதுதான். இன்று அந்தக் குழலில் ஒற்றை உருண்டை போடுவோர் அரிது, பன்றிக்கு எஸ்.ஜி. எனும் பெருங்குண்டுகள், பறவைக்கு ரவை. ரவை வடக்கேயிருந்து வந்தது. மராத்தியில் ரவா என்றால் மணி, துகள். உப்புமாக் கிண்டும் ரவையும் மூக்குத்தியில் பதிக்கும் சிறு வயிரமும் துவக்கில் போடும் பொடிக்குண்டும் ஒரே பெயரில் வழங்குவது அந்தத் துகள் என்ற பொருளால்தான்.

இங்கேதான் குண்டு இளைக்கத் தொடங்கிய கதை வருகிறது. 1882இல் சுவிட்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பு உறை போட்டார். 1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டார். இரண்டும் சேர்ந்ததும் விரைவின் பழைய எல்லை உடைந்தது. வெறும் ஈயத்தை அந்த விரைவில் தள்ளினால் குழலின் வரிப்பள்ளங்களில் இழுபட்டு அப்பிக்கொள்ளும். உறை அதைத் தடுத்தது. பேக்கரின் 85 கிராம் உருண்டை இருந்த இடத்தில், .303 என்ற படைத்துவக்கின் குண்டு 14 கிராமுக்குச் சுருங்கி, தடிப்பில் எட்டு மில்லிமீற்றருக்கு மெலிந்து, விநாடிக்கு 2,000 அடி விரைவில் போயிற்று. யானைக்கென்று ரிக்பி நிறுவனம் 1898இல் செய்த .450 துவக்கிலும் குண்டின் எடை 31 கிராம்தான். ஆங்கிலேயர் குண்டுக்குக் கூறும் எடை கிரேனில் இருக்கும். கிரேன் என்றால் தானியமணி, அவர்களுடையது வாற்கோதுமை. நம் பொற்கொல்லர் நெல்லெடையிலும் குன்றிமணியிலும் நிறுத்தவர்கள். .303 குண்டின் 215 கிரேனைக் குன்றிமணியாக்கினால் 116 அளவில் வரும். அந்தக் குன்றிமணியைப் பேச்சுவழக்கு குண்டுமணி ஆக்கியிருப்பதைப் பார்த்தால், குண்டு எங்கே போனாலும் நம்மைப் பின்தொடர்கிறது.

இத்துவக்குகளுக்குத் தமிழில் என்ன பெயர் சொல்லலாம்? அதிவேகத் துப்பாக்கி என்று எழுதுகிறார்கள்; பிழையில்லை. எனக்குக் கடுவிசைத் துவக்கு என்பது பிடிக்கிறது. கடு என்பதற்கு விரைவு என்ற பழம்பொருள் உண்டு, 'கடிது வா' என்பதில் இன்னும் அது மூச்சுவிடுகிறது. விசை என்பது வேகமும் ஆகும், விரல் வைத்து இழுக்கும் கொக்கியும் ஆகும்.

கடுவிசைக்கு வந்ததும் குண்டைத் தெரிவதில் ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. உருண்டைக் காலத்தில் கேள்வி எடையைப் பற்றியது. இப்போது உறையைப் பற்றியது. முழுதும் உறையிட்ட குண்டு மரையின் விலாவில் நுழைந்து மறுபக்கம் துளையிட்டுப் போய்விடும், விலங்கு ஓடிப் பள்ளத்தில் இறங்கி யாருக்கும் பயனின்றி மெல்லச் சாகும். முனையில் உறையை நீக்கி ஈயத்தை வெளியே விட்டால், பட்டதும் முனை காளானாக விரிந்து உள்ளேயே தன் விசையைச் செலவழிக்கும். ஆனால் விரைவு மிகுந்து ஈயம் மென்மையாயிருந்தால் தோளெலும்பிலேயே நொறுங்கி மேற்புண்ணோடு நின்றுவிடும். அமெரிக்கரான ஜான் நொஸ்லர் 1946இல் கனடாவில் மூஸ் மான் ஒன்றிடம் இப்படித் தோற்று, நடுவே செம்புச் சுவர் விட்டு முன்பாதி விரியப் பின்பாதி குலையாத குண்டை உருவாக்கியது இந்த முட்டுக்கட்டைக்காகவே. யானைக்கோ விரியவே கூடாது. எலும்பைக் கடந்து மூளையை எட்டவேண்டும். எனவே யானைக்கு உறை மூடியது, மரைக்கு முனை திறந்தது என்பதே கடுவிசைக் காலத்தின் பாடம். மலையகத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பத்தனை எனப்படும் புல்வெளிகளை விட்டால் நெடுந்தூரம் கண்ணுக்கு எட்டாது (ஹட்டனுக்கு அருகே அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது). நெருங்கிய புதரில் இலேசான மிகுவிரைவுக் குண்டைவிடச் சற்றே கனத்த, மழுங்கிய முனைக் குண்டே நம்பத்தக்கது என்பது பழைய வேட்டையரின் பொதுக்கருத்து.

இந்தத் தெரிவெல்லாம் துரைமார் காலத்தோடு பழங்கதையாகிவிட்டது. கண்மண் தெரியாத வேட்டையால் விலங்குகள் அருகுவதைக் கண்டு வேட்டையர் தாமே 1894இல் விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். 1937இல் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மரைக்கு இன்று சட்டத்தின் காவல் உண்டு. தேயிலைக்குள் சிறுத்தை சாவது சுருக்குக் கம்பியில். அதற்குக் குண்டும் வேண்டாம், குறியும் வேண்டாம்.

திறந்த முனைக் குண்டைப் படைக்கு வார்த்த ஊர்தான் டம்டம். மெல்லிய .303 குண்டு எல்லைப்புற மலைவாசிகளை நிறுத்தவில்லை என்று முறையிட்ட படையினருக்காக, கப்டன் பெர்ட்டி-கிளே 1890களில் அந்த ஆயுதச்சாலையில் முனையுறையை நீக்கினார். 1899இல் ஹேக் மாநாடு போரில் அதைத் தடைசெய்தது. வேட்டையில் அது தொடர்ந்தது. டம்டமா என்றால் மேடு, பீரங்கி வைக்கும் திட்டு என்று அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். வெடியோசையென்று எண்ணத் தூண்டும் இரட்டைக்கிளவி உண்மையில் ஒரு மண்திட்டின் பெயர்.

இப்போது சன்னத்துக்கு வரலாம். சன்னக்கம்பி, சன்ன அரிசி, சன்னமான குரல் என்று தமிழில் நுண்மைக்கும் மென்மைக்கும் வழங்கும் சொல் இது. கன்னடத்தில் சண்ண என்றால் சிறியது, தெலுங்கில் சன்ன என்றால் மெல்லியது. வடமொழியின் சிலக்ஷ்ண என்ற சொல் பாகதத்தில் சண்ஹ ஆகித் தெற்கே இறங்கியது என்பது ஒரு சாரார் முடிவு. தெலுங்கர் ஒரு மல்லிகை இனத்துக்குச் சன்னஜாஜி என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது குண்டுமல்லி. துவக்கில் எதிரும் புதிருமாக நிற்கும் அதே இரண்டு சொற்கள் பூக்கடையிலும் அப்படியே நிற்கின்றன. ஒலியும் அதற்கேற்பவே: குண்டு விழுகிறது, சன்னம் சீறுகிறது. அந்தச் சகரமும் நீளும் னகரமும் காதோரம் கடந்துபோன ஏதோ ஒன்றை நினைவூட்டும்.

ஆனால் பொருத்தம் வேறு, பிறப்பு வேறு. கடுவிசைக் குண்டு மெலிந்திருப்பதைக் கண்டு யாரோ சன்னம் என்று பெயரிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ரவையைப் போலவே சன்னமும் முதலில் பொடிக்குண்டுக்கு, நுண்ணிய ஈயத்துகளுக்கு ஆன பெயராகத்தான் இருக்கவேண்டும். ஷெல் வெடித்துத் தெறிக்கும் சிறு சில்லையும் சன்னம் என்று இலங்கையில் சொல்வது அந்தத் துகள் பொருளின் எச்சம். போர் ஆண்டுகளில் குண்டு என்ற சொல்லை வானிலிருந்து விழுவதும் வீதியோரம் புதைப்பதும் பிடுங்கிக்கொண்டன. 'குண்டு பட்டது' என்றால் எது பட்டது என்று மறுகேள்வி கேட்கவேண்டியிருந்தது. செய்தி எழுதியவனுக்குத் துல்லியம் வேண்டும், உயிர்ச்சேதத்தின் கணக்கு அதில் இருந்தது. ரவையும் சன்னமும் பறவைச் சுடுதலிலிருந்து பதவி உயர்ந்து வந்தது அந்தத் தேவையால் என்பது என் கணிப்பு. வந்தமர்ந்த பிறகு பார்த்தால், ஏழு எட்டு மில்லிமீற்றர் உலோகக் கூருக்குச் சன்னத்தைவிடச் சரியான பெயர் அமைந்திருக்காது.

ஒரு குறை மட்டும் மிச்சம். முனை திறந்த அந்தக் குண்டுக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. இதழ்களில் 'வெடிக்கும் தோட்டா' என்று எழுதுகிறார்கள்; அது வெடிப்பதில்லை, விரிகிறது, மேலும் அது தோட்டாவின் உள்ளே இருப்பது, தோட்டா அல்ல. முகைச்சன்னம் என்று ஒரு நண்பர் சொன்னார்: மொட்டாகப் போய் உள்ளே மலர்வது என்று விளக்கமும் தந்தார். சொல் அழகுதான், குருதியில் விரிவதற்குப் பூவின் பெயரை இரவல் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. விரிமுனைச் சன்னம் என்று எழுதலாம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், செய்யும் வேலையை மறைக்காது. உறை மூடியதை முழுவுறைச் சன்னம் எனலாம். யானைக்கு உருட்டிய அந்த மூன்று அவுன்ஸ் பண்டத்துக்கு மட்டும் குண்டு என்ற பெயரை நிரந்தரமாக விட்டுவிடலாம். அதை அது எடைபோட்டுச் சம்பாதித்தது.